பொட்டில்லாத நெற்றி

தனலெட்சுமி ஞானஸ்நானம் பெற்று எஸ்தர் ஆன ஞாயிற்றுக்கிழமை, சபையிலிருந்து திரும்பியவளிடம் அவள் புருஷன் இராமலிங்கம் ஒன்றுதான் கேட்டான்.

"பொட்டு எங்கடி?"

"அழிச்சிட்டேங்க. இனிமே வைக்கக்கூடாதுன்னு உபதேசியார் சொல்லிட்டாரு."

"நான் உசுரோட இருக்கறப்பவே அறுத்தவளாட்டம் வந்து நிக்கிறியே!"

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் குடியிருந்த ரயில்வே கோட்டர்ஸ் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. பெயர் மாறியதை அவன் பொறுத்துக்கொண்டான், வேதப் புத்தகத்தையும் பொறுத்துக்கொண்டான். அந்த வெறும் நெற்றியைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதில் முழிக்க வேண்டியிருந்ததே! கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டான்.

உபதேசியாருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாழ வேண்டியவள் இவளல்லவா? ஆனாலும் எஸ்தர் அசையவில்லை. ஒரே பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துப் பித்துப் பிடித்தவள்போல் கிடந்தவளுக்கு, ஜெபம் செய்யத் தொடங்கிய பிறகுதான் தொண்டையில் சோறு இறங்கியது. அப்படித் தூக்கிவிட்ட ஆண்டவருக்கு அவள் கொடுத்த வாக்கு அந்த நெற்றி.

சில வருஷம் கழித்து, இராமலிங்கம் காசநோயில் விழுந்துவிட்டான் என்று சேதி வந்தது. கேட்ட கையோடு ரயிலேறினாள். கிள்ளானில் அவன் வாசலை மிதிக்க ஆளில்லை. இவள் உள்ளே போய் இரத்தம் துப்பிய துணிகளைத் துவைத்தாள், அவனை மடியில் சாய்த்துக் கஞ்சி புகட்டினாள், கால்மாட்டில் முழந்தாளிட்டு ஜெபித்தாள்.

"விட்டுட்டுப் போனவனுக்குப் பெத்த தாய்கூட இப்படிச் செய்யமாட்டா புள்ள," என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி. "வேதக்காரின்னா நீதான் வேதக்காரி."

ஊரே அவள் கையில் பார்த்த வேதத்தை, பாவி மகள், வெறும் நெற்றியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் இராமலிங்கம் அவள் கையைப் பிடித்தான். "லெட்சுமி, ஒரே ஒரு தடவ பொட்டு வச்சுக்கிட்டு வா. பாத்துட்டுப் போயிடறேன்."

"வேற எது வேணும்னாலும் கேளுங்க. அது மட்டும் வேணாங்க."

அவன் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் புகட்டிய கஞ்சியைக் குடித்தான், ஆனால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்படியே ஒரு விடியற்காலை போய்ச் சேர்ந்தான்.

புருஷன் செத்தால், பிணத்தின் பக்கத்தில் பெண்சாதியை உட்காரவைத்து, பூவும் பொட்டும் வளையலுமாகக் கடைசி முறை சிங்காரித்துவிட்டு அழிப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தட்டோடு வந்தார்கள். எஸ்தரைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார்கள்.

"இவகிட்ட அழிக்க என்ன இருக்கு?" என்றாள் ஒருத்தி. தட்டு திரும்பியது.

எஸ்தர் எழுந்து ஓடிப்போய், தட்டோடு திரும்பிய மாரியாயியின் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கு வச்சு விடுங்க."

"வேதக்காரியாச்சே புள்ள?"

"அவரு கேட்டாருக்கா. நான் மாட்டேன்னுட்டேன்."

மாரியாயி குங்குமத்தை எடுத்துப் பெரிதாக வைத்துவிட்டாள். எஸ்தர் இராமலிங்கத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூடிய கண்களுக்கு நேரே குனிந்தாள்.

"ஏங்க, வச்சிட்டேங்க. கொஞ்சம் பாருங்களேன்." தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னைப் பாருங்களேன்!"

பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். வைத்த பொட்டை அழிக்க மாரியாயிக்குக் கை வரவில்லை.