ஆற்றங்கரைப் பாதையில் ஆள் எண்ணியது

"உங்க தெருவுல எத்தனை வீடு இருக்கும்?" என்று யாராவது சும்மா கேட்டால்கூட இப்போது எனக்கு அலுப்பு வந்துவிடுகிறது. தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஆள் எண்ணும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிச் செய்தவன் நான். அதனால் விளைந்ததைத் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் தாமிரபரணியை ஒட்டி ஒரு மண்பாதை இருந்தது. சாலையிலிருந்து பிரிந்து, மருதமரங்களுக்கு அடியில் வளைந்து போய், ஒரு பழைய கல்மண்டபத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் சந்தையும் கிடையாது, சர்க்கார் கச்சேரியும் கிடையாது. ஆகவே அந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லோரும் காற்று வாங்கப் போகிறவர்கள்தான். ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் காற்று ஆற்றுத் தண்ணீரைத் தடவிக்கொண்டு வரும். பகலெல்லாம் வெந்த உடம்புக்கு அது போதும்.

என் அக்கா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பள்ளிக்கூடம், கோயில், அந்தப் பாதை, இந்த மூன்றுக்குத்தான் அப்பா அவளை வெளியே விடுவார். பெரிய சாலையில் வண்டிக்காரர்கள் இருந்தார்கள், கடைவாசலில் நின்று பார்க்கிறவர்கள் இருந்தார்கள். பாதையில் கடையே இல்லை என்பதால் அப்பா சம்மதித்திருந்தார். கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு அக்கா தினமும் மண்டபம் வரை போய்த் திரும்புவாள். போகும்போது வாத்தியாரம்மா மாதிரி இருப்பாள். வரும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வருவாள்.

பாதைக்கு அடுத்த வாழைத்தோட்டக்காரர், யாரும் நடக்காத இடம், தோட்டத்தோடு சேர்த்து அடைத்துக்கொள்கிறேன் என்று முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டார். செய்தியைச் சொன்னபோது அக்கா கையிலிருந்த தையலை மடியில் வைத்தாள். "அதையும் அடைச்சுட்டா எங்கலே போக?" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது மெட்ரிகுலேஷன் முடித்த சூடு. கையில் உத்தியோகம் இல்லை. காலில் சக்கரம் இருந்தது. மறுநாளே சேர்மன் வீட்டில் போய் நின்றேன்.

"பாதையில நெறையப் பேரு போறாங்கன்னு சொல்லுதீரு. நெறையன்னா எத்தனை?" என்று கேட்டார் சேர்மன்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது, தோட்டக்காரருக்கும் தெரியாது. "நானே எண்ணிச் சொல்லுதேன்" என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. அடுத்த கூட்டத்துக்குள் கணக்கு வரட்டும் என்றார்.

முனிசிபாலிட்டி ஓவர்சியர் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார். "பாதை முகப்புல உக்காரும். போறவனை எண்ணும், திரும்பி வாறவனை விட்டுரும். ஒரே ஆளை ரெண்டு ஆளாக்கி என் கழுத்தை அறுத்துராதீரும்."

நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தால் ஜனங்கள் மிரளுவார்கள் என்று நினைத்தேன். நாங்குநேரிச் சாலையில் ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்திருந்ததை முன்பு பார்த்திருக்கிறேன். வண்டி ஒன்று கடந்தால் மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கலயத்துக்குள் போடுவான். எழுத்தும் வேண்டாம், மறதியும் இல்லை. அவன் யார், எதற்கு எண்ணுகிறான் என்று நான் விசாரிக்கவில்லை. முறை பிடித்திருந்தது. அதையே கையாண்டேன்.

முதல் சாயங்காலம் கலயத்தில் கொட்டை விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், குடையோடு வரும் பென்ஷன்காரர். என் மடி சீக்கிரம் காலியானது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இன்னும் கொட்டை கேட்டேன்.

அடுத்த நாள் திசையன்விளையிலிருந்து கருப்பட்டி வண்டியோடு வந்த வியாபாரி ஒருவர், சரக்கை இறக்கிவிட்டு ஆற்றுக்காற்றுக்காக அந்தப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார், கலயத்தைப் பார்த்தார்.

"தம்பி யாரு ஆளு?"

"முனிசிபாலிட்டிக்காக எண்ணுதேன், அண்ணாச்சி."

"ஓகோ. இங்கனயுமா?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். என்ன மனுஷர் என்று நினைத்தேனே தவிர, எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அதன் பிறகு ஆள் குறைய ஆரம்பித்தது. மழை என்று நினைத்தேன். மழை இல்லாத நாளிலும் குறைந்தது. குமாஸ்தாக்கள் காணோம். பிள்ளைக்காரிகள் முகப்பு வரை வந்து, என்னைக் கண்டதும் ஏதோ மறந்துவிட்டவர்கள் போலத் திரும்பினார்கள்.

ஒருநாள் பகலில் பென்ஷன்காரரைப் பெரிய சாலையில் பார்த்தேன். வண்டிப் புழுதிக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார்.

"என்ன ஐயா, இந்தப் புழுதியில?"

"பின்ன? அங்கன வந்தா நீ கொட்டையப் போடுவ. அடுத்த வருசம் காலுக்கு இவ்வளவுன்னு ஒருத்தன் ரசீதை நீட்டுவான்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சுங்கச்சாவடிக் குத்தகை ஏலத்துக்கு முன்னால், ஏலம் கேட்க நினைக்கிறவர்கள் இப்படி ஒரு ஆளை மரத்தடியில் உட்கார வைத்து, எத்தனை வண்டி போகிறது என்று பார்த்துக்கொள்வார்களாம். நான் நாங்குநேரிச் சாலையில் பார்த்தவன் அப்படிப்பட்ட ஆள். புளியங்கொட்டை விழுந்த இடத்தில் சுங்கம் விழும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி.

"காலுக்கு ஏது ஐயா சுங்கம்?" என்றேன்.

"சக்கரத்துக்கு ஏது சுங்கம்னுதான் எங்க அப்பாவும் கேட்டாரு."

"நான் பாதையைக் காப்பாத்தத்தான் எண்ணுதேன்."

"எண்ணிப்புட்டுக் காப்பாத்தினவன் எவன்டே?" என்று சொல்லிவிட்டு, பைய நடந்து போனார்.

கலயத்தைத் தூக்கி வீட்டில் வைத்தேன். கொட்டைகளைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டேன். முகப்பில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வரி கிடையாது, சுங்கம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அதுவரை கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டதுதான் மிச்சம். "வரி இல்லைன்னு சொல்லதுக்கே ஒரு ஆளைப் போட்டிருக்கான்னா, என்னமோ இருக்கு வே" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மாணவர்கள் தூரத்தில் நின்று, "வரி இல்லே, கொட்டை மட்டுந்தான்" என்று ராகம் போட்டார்கள். தண்டோரா போடச் சொல்லி ஓவர்சியரிடம் கேட்டேன். இல்லாத வரிக்கு எதைச் சொல்லித் தண்டோரா போட என்றார்.

கடைசிச் சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அக்காவும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்தார்கள். அவர்கள் ஒருநாளும் நிறுத்தவில்லை.

"இன்னைக்கு யாரெல்லாம்லே வந்தா?" என்றாள் அக்கா.

"நீங்க மூணு பேரு."

"வேற?"

"ஒரு நாய்."

"நாயை எண்ணக் கூடாதுன்னு ஓவர்சியர் சொல்லலையே" என்றாள் கூட வந்தவர்களில் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள். அக்கா மண்டபத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூவரும் நடந்தார்கள். வழக்கத்தைவிட மெதுவாகப் போய், வழக்கத்தைவிட மெதுவாகத் திரும்பினார்கள்.

"திரும்பி வாறதைப் போடக் கூடாதோ?" என்றாள் அக்கா.

"கூடாதுக்கா."

"சரி. எந்திரி, நனையாத."

கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேர்மன் இரண்டு தடவை பார்த்தார். "இவ்வளவுதானா?"

"ஐயா, ஜனங்க சுங்கம்னு பயந்துட்டாங்க. முதல் நாள் எவ்வளவு பேருன்னு பாருங்க. பயந்து வராதவங்களையும் சேத்துப் பாத்தா—"

"வராதவங்களை எப்படி வே எண்ணுவீரு?"

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நான் பதில் சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். நான் முதல் நாள் கணக்கையே மறுபடியும் விரலால் தொட்டுக் காட்டினேன். ஓவர்சியர் மட்டும் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

கூட்டத்தில் அனுமதி கிடைத்ததும் தோட்டக்காரர் உடைமுள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்தார். உள்ளே வாழை வைத்தாயிற்று, குலையும் தள்ளியாயிற்று. பென்ஷன்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இருமலுக்கு நடுவே கேட்கிறார்: "பாதையை அடைச்சுட்டானே, நீ என்னத்தடே எண்ணின?"

அக்காவின் கூட்டாளிகள் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பிறகு வரவில்லை. இப்போது அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே நடக்கிறாள். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து உத்தியோகத்துக்கு மனு எழுதுகிறேன். அவள் கடக்கும்போதெல்லாம் என் பேனா தானாக நின்றுவிடுகிறது. மரத்துக்குப் போவது சரி, கிணற்றுக்குத் திரும்புவதைச் சேர்க்கக் கூடாது என்று மனசு ஓடுகிறது. நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

நேற்று அவள் ஜன்னலுக்கு நேரே நின்றாள்.

"ஏலே, எண்ணுதியோ?"

"இல்லக்கா."

"எண்ணு. இங்கன ஒருத்திதான், தப்பு வராது" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மரத்தைப் பார்த்து நடந்தாள்.