எடுக்கக் கூடாத போன்

பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு யோசித்ததில்லை; ஒரு லேப்டாப் வாங்க அத்தனை யோசித்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து தரும் சின்னக் கம்பெனியில் அப்போது வேலை. ராய்ப்பூர் பக்கம் ஒரு மில், அது முடிந்ததும் ஒரிசாவில் இன்னொன்று. போனால் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். பகலில் மிஷினோடு இணைக்க, மாலையில் ரிப்போர்ட் அடிக்க, மெயில் பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே கணினிதான். பார்த்து வாங்கிக்கொள் என்றார்.

அந்த வருஷம் கடைகளுக்கு வந்த புது லேப்டாப்கள் ஒல்லியாக, மூடியின் விளிம்பில் கேமராவோடு இருந்தன. எனக்கு அந்தக் கேமராமேல்தான் கண். காரணம் நைனா, என் அப்பா.

நைனாவுக்கு அதற்கு முந்தின வருஷம் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. வேலை பார்த்த இடத்தில், மிஷின் ஓடும்போதே ஷெட்டின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிட்டு நிறுத்தும் தொண்டை அது. பேச்சு போன மனிதரை வீட்டில் விட்டு ஒரு வருஷம் எப்படிப் போவது, அவர் நன்றாக இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு அதுதான் பெரிய கவலை. முகத்தைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

எங்கள் ஆபீசில் சீனியர் ஒருவர் இருந்தார். ஊரெல்லாம் சுற்றி மில் ஓட்டிவிட்டு வந்தவர். நான் காட்டிய ஒல்லி லேப்டாப்பின் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சீரியல் போர்ட் எங்கபா கீது?"

பேனலோடு கணினியைப் பேச வைக்கிற ஒயரைச் சொருகும் இடம் அது. புது மாடல்களில் எடுத்துவிட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு ஒயர் விற்கிறது என்றேன்.

"அந்த ஒயரு ஆபீஸ்ல நல்லாத்தான் வேலை செய்யும். சைட்ல போய் சொருவு, நடுவுல புட்டுக்கும். தாலிய மறந்துட்டு கல்யாணத்துக்குப் போன கததான். கனமா இருந்தாலும் பழசே வாங்கு. தூசி தாங்கும், கீழ உயுந்தாலும் தாங்கும். பேட்டரி ஒண்ணு எக்ஸ்ட்ரா எடுத்துக்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நைனாவைப் பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கேமரா இருந்தது. பக்கத்துத் தடுப்பில் நான் உட்கார்ந்துகொண்டேன். திரையில் என் முகத்தைப் பார்த்ததும் நைனா சிரித்தார். பிறகு கீழே மூலையில், சின்னக் கட்டத்தில், தன்னையே பார்த்துவிட்டார். கழுத்தில் கட்டியிருந்த துணி விலகியிருந்தது. மெல்ல அதை மேலே இழுத்து மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனார். ஸ்டேஷன் வரை என் பக்கம் திரும்பவில்லை. தன் கழுத்தை அவர் அப்படி, வெளி ஆள் பார்ப்பதுபோல, அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

மறுநாள் போய்க் கனமான லேப்டாப்பையே வாங்கினேன். செங்கல் கணக்காக இருந்தது. சீரியல் போர்ட் இருந்தது, கேமரா இல்லை.

நைனாவுக்கு டார்ச் வைத்த சாதாரணப் போன் ஒன்று. மெசேஜ் அனுப்பச் சொல்லலாம் என்றால், நைனாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், அந்தப் போனுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் வரும். கடைசியில் ஊரே செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். மிஸ்டு கால். அந்தக் காலத்தில் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன் என்பதற்கும் மிஸ்டு கால், சோறு வை என்பதற்கும் மிஸ்டு கால். காலையில் நைனா எனக்கு ஒன்று கொடுப்பார்: நன்றாக இருக்கிறேன். நான் திருப்பி ஒன்று: நானும். ஒரே விதி, எடுக்கக் கூடாது. வெளி மாநிலத்தில் எடுத்தாலே காசு போகும்.

ராய்ப்பூரில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. கரியும் இரும்புத் தூளும் பறக்கிற ஷெட்டில் என் செங்கல் அசையாமல் வேலை செய்தது. ஒல்லி லேப்டாப்போடு வந்த வேறு கம்பெனிப் பையன்கள் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார்கள். காலையில் மிஸ்டு கால் தவறாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுவேன், அம்மா எடுப்பாள். "நைனா எப்படி கீறாரு?" "நல்லா கீறாரு." வைத்துவிடுவேன். சரியான பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

ஒருநாள் மதியம் மில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். காலை மிஸ்டு கால் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையைக் கழுவும்போது போன் அடித்தது. நைனா நம்பர். நிற்கட்டும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. முழுசாக அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஈரக் கையோடேயே எடுத்தேன்.

கழுத்துத் துளை வழியாக வரும் அந்த ஈரமான மூச்சு மட்டும் கேட்டது.

"நைனா? இன்னா ஆச்சி? அம்மாகிட்ட குடு. போன அம்மாகிட்ட குடு!"

மூச்சு. பிறகு அம்மாவின் குரல்.

"கத்தாதடா. ஒண்ணும் ஆவல. உன் கொரல கேக்கணுமாம். காலைல இருந்து போன கையில வச்சிக்கினு குந்தினுகீறாரு, பேஜாரா."

"அவரு எப்டிமா போன்ல..."

"அவுருக்கு வாய்தானடா போச்சி. காதுமா போச்சி?"

ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் நைனாவிடம் கையை ஆட்டித்தான் பேசினார்கள். வீட்டிலும் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவரைப் பற்றி அம்மாவிடம் கேட்டோம். ஒயர், போர்ட், கேமரா, பேட்டரி என்று அத்தனை யோசித்த எனக்கு, சும்மா கூப்பிட்டுப் பேசலாம் என்பது தோன்றவே இல்லை.

"அவரு காதுல வையிமா" என்றேன்.

என்ன பேசுவது? இங்கே வெயில் நம்மூரைவிட அதிகம் என்றேன். மில் ஓட ஆரம்பித்துவிட்டது, முதல் கம்பி வளையாமல் வந்தது என்றேன். அவ்வளவுதான், நிறுத்தினேன். போனில் டக் டக் என்று ஒரு சத்தம். லைன் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி ஏதோ சொல்லி நிறுத்தியதும் மறுபடி டக் டக். நைனா நகத்தால் போனைத் தட்டுகிறார். மேலே சொல் என்கிறார்.

சொன்னேன். ரூமில் கூட இருப்பவன் விடும் குறட்டையைச் சொன்னேன். ரொட்டி தின்று வயிறு கெட்டதைச் சொன்னேன். நிறுத்தும்போதெல்லாம் தட்டினார். சொல்ல ஒன்றுமே மிச்சமில்லாமல் போனபோது, எதிர்ச் சுவரில் இந்தியில் எழுதியிருந்த கேன்டீன் சாப்பாட்டுப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்கும் தட்டினார்.