சுவரில் மாட்ட வேண்டிய தட்டு

"பெயிண்டிங் பண்றவங்களுக்கு எதுக்கு மேடம் இந்தச் சட்டி பானை வேலை?" என்று கேட்டார் எங்கள் பகுதி ஓவியர் சங்கத்தின் செயலாளர். கேட்டதோடு விட்டாரா? சிரிக்க வேறு செய்தார்.

நான் வருஷக்கணக்காகக் கேன்வாஸில் வரைந்தவள். செம்பாக்கத்தில் வீடு கட்டியபோது பின்பக்கம் துணி துவைக்க விட்ட இடத்தில் மண்ணில் செய்ததைச் சுடச் சின்னதாக ஒரு மின்சூளை வைத்துக்கொண்டேன். துணியெல்லாம் மொட்டை மாடிக்குப் போயிற்று, நான் மண்ணில் இறங்கினேன். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய தட்டுகளாகச் செய்து, மேலே நிறம் தீட்டிச் சுட்டேன். சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தவை. மண் ஈரமாக இருக்கும்போதே பின்பக்கம் கம்பி கோர்க்கத் துளை போட்டுவிடுவேன்.

அதில் ஒரு தட்டில் எங்கள் ஏரியை வரைந்திருந்தேன். தண்ணீர் இருக்கிற இடத்துக்கு மட்டும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் நீலப் பூச்சு. வற்றிய இடத்துக்குப் பூச்சே கிடையாது, சுட்ட மண்ணை அப்படியே விட்டிருந்தேன். அந்த மண் நிறம் வருவதற்குள் எத்தனை தட்டு சூளையில் வெடித்தது, எத்தனையை நானே தூக்கிப் போட்டு உடைத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். கேன்வாஸில் கடைசிவரை கைக்கு வராத ஒன்று அதில் வந்திருந்தது. இனிமேல் என் வேலை இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கத்திப்பாராவில் பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சங்கத்தின் கண்காட்சி. நகரத்திலிருந்து பெரிய கேலரி ஒன்றின் உரிமையாளர் தலைமை விருந்தினராக வருகிறார் என்றார்கள். அவருக்குப் பிடித்துப்போனால் அவருடைய கேலரியில் தனிக் கண்காட்சி. எனக்கு அது வேண்டும். தட்டுகளுக்காக வேண்டும்.

செயலாளர் சுவரைத் தரவில்லை.

"சுவர் பெயிண்டிங்குக்கு மேடம். உங்க கேன்வாஸ் ரெண்டு மாட்டுங்க, ஜம்முனு இருக்கும். தட்டெல்லாம் டேபிள்ல வச்சிடுங்க."

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. அவர் சொன்னபடி கேன்வாஸ் இரண்டைச் சுவரில் மாட்டிவிட்டு, கதவோரம் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் என் தட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தலைப்பு எழுதிய அட்டையை வைத்தேன். கம்பி கோர்த்தேதான் வைத்திருந்தேன், எப்படியாவது சுவர் கிடைத்துவிடாதா என்ற நப்பாசையில். பிறகு வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு திரும்பினேன்.

வந்து பார்த்தால் தட்டுகளில் பஜ்ஜி!

ஆமாம், பஜ்ஜிதான். சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி, ஓரத்தில் தேங்காய்ச் சட்னி. என் அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து ஓரங்கட்டி, அதன்மேல் டிஷ்யூ பேப்பரை வைத்திருந்தார்கள். டீ, பஜ்ஜி கொண்டுவந்திருந்த அம்மாவைப் பிடித்துக் கத்தினேன்.

"என்னை இன்னாத்துக்குக்கா திட்ற? நான் பேப்பர் பிளேட்டு வாங்கத்தான் கெளம்புனேன். சாருதான், 'விஐபி வந்துகினுகீறாரு, அதான் அழகா தட்டு கீதே, அதுல வையி'ன்னாரு."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நேராகச் செயலாளரிடம் போனேன்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். தட்டுதானே? கழுவினாப் போயிடும்."

போகாது. பூச்சில்லாத மண் எண்ணெயைக் குடித்துவிடும். குடித்ததைத் திருப்பிக் கொடுக்காது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கறை கறைதான். அந்த ஆளைக் கேட்ட வார்த்தைகளை அச்சில் போட முடியாது. ஒரு பொம்பளை மண்ணைத் தொட்டு எதைச் செய்தாலும் இவர்கள் கண்ணுக்கு அது அடுப்படிச் சாமான். அதையே ஓர் ஆண் செய்து வைத்திருந்தால் சட்னி ஊற்றியிருப்பாரா? கைகட்டி நின்று விளக்கம் கேட்டிருப்பார்.

அதற்குள் தலைமை விருந்தினர் வந்து என் கேன்வாஸ்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். விஐபிக்குத் தனித் தட்டு கொடுத்திருந்தார்கள். ஏரித் தட்டு. தண்ணீர் வற்றிய இடமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது.

"நல்லா பண்ணியிருக்கீங்கம்மா," என்றார் மென்றுகொண்டே. "நீங்க செராமிக்ஸும் பண்றதா சொன்னாங்களே, அது எங்க?"

"உங்க கையில இருக்கு சார்."

அவர் குனிந்து பார்த்தார். மிச்சமிருந்த பஜ்ஜியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். நான் தட்டை வாங்கினேன். பரிசெல்லாம் வாங்கிய என் பெரிய கேன்வாஸைக் கழற்றித் தரையில் சாய்த்துவிட்டு, அந்த ஆணியில் தட்டை மாட்டினேன். சட்னி நழுவிச் சுவரில் வழிந்தது.

செயலாளர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், என்ன பண்றீங்க? கழுவிட்டாவது மாட்டுங்க, எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும்," என்றேன். "சாப்பிட்டாச்சு இல்ல? இப்போ பாருங்க."