எதுவும் நிற்கவில்லை, பிலோமினா

செவ்வாய்க்கிழமை காலை, தேனாம்பேட்டை சிக்னலில் பேருந்து நகராமல் நின்றிருந்தபோது பிலோமினாவின் தம்பி சேவியர் அழைத்தார். அக்கா விடியற்காலையில் போய்விட்டார் என்றார். இறங்கி நடக்கத் தொடங்கினேன். வருத்தத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. இப்படிப் பாதியில் விட்டுப் போக அவருக்கு என்ன அவசரம்?

அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் எதிரெதிர் அறைகளில் இருந்தோம். அவர் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம், நான் மயிலாப்பூர். இருவருக்கும் துறை இழைக் கோட்பாடு. அதன் கணக்கு சரியாக வர உலகத்துக்குப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். நாம் அறிந்தவை நான்கு. மற்ற ஆறும் கண்ணுக்கு எட்டாத அளவில் சுருண்டிருக்க வேண்டும். சுருட்டியது சுருட்டியபடியே நிற்பதுதான் கடினம். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்னும் ‘சூப்பர் சிமெட்ரி’யைச் சேர்த்துக்கொண்டால் வேலை எளிதாகிவிடும். ஆனால் அந்த ஜோடிகளில் ஒன்றைக்கூட இதுவரை எந்தப் பரிசோதனையிலும் யாரும் பார்த்ததில்லை.

அதனால் பிலோமினா அதைச் சேர்க்க மறுத்தார். அது இல்லாமல் அவர் அமைத்த வடிவங்கள் விரிந்து ஓடின, இல்லாவிட்டால் நசுங்கின.

ஒன்று மட்டும் நின்றது. இருவரும் மூன்று ஆண்டுகள் உழைத்தது. கட்டுரையை அனுப்பவேண்டிய நாளில் அவர், கணக்கை இன்னும் நுணுக்கமாக்கும் அடுத்த கட்டத் திருத்தத்தையும் போட்டுப் பார்த்தார். ஒரு திசையில் சரிந்தது. முதல் கட்டம்வரை நிற்கிறதே, அதை வெளியிடலாம் என்று கெஞ்சினேன். கோபம் வந்தால் அவருக்குக் கடற்கரைப் பேச்சு வந்துவிடும்.

“வுழுந்துகினு கீறத நிக்குதுன்னு சொல்லச் சொல்றியா? என் பேர எடுத்துடு.”

நான் விலகினேன். சூப்பர் சிமெட்ரியோடு எழுதினேன். பதவி உயர்வு வந்தது. ‘இது நிற்காது’ என்று அவர் தனியாக எழுதியவற்றை, தோல்வியெல்லாம் ஆய்வு முடிவாகாது என்று இதழ்கள் திருப்பின. ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் ஆத்திரம். அவர்மீதா, இதழ்கள்மீதா என்று இன்றும் தெரியவில்லை.

சென்ற மாதம், இனிச் சிகிச்சையில் பலனில்லை என்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபின், அவர் புதிய கணக்கு ஒன்றைச் சரிபார்க்கக் கொடுத்தார். பதினோராம் பக்கத்தில் கழித்தல் வரவேண்டிய இடத்தில் கூட்டல். அதை மாற்றியதும் மொத்தமும் சரிந்தது. நான்கு நாள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, அவர் கட்டிலருகே உட்கார்ந்து, “நன்னா நிக்கறது, பிலோமினா” என்றேன்.

பதினோராம் பக்கத்தைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

“நான் சாவப்போறேன்னு கணக்கு மாறிடுமா?”

பேனாவை என் கையில் திணித்து, திருத்தத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். இரண்டு வரி சொன்னால் மூச்சு வாங்கும். முடிக்க மூன்று நாள் ஆயின.

கல்லறைத் தோட்டத்தில் சேவியர் என்னைத் தனியே அழைத்து, அக்கா இத்தனை வருஷமாக என்னதான் கண்டுபிடித்தார் என்று கேட்டார். எதெல்லாம் நிற்காது என்பதை, என்றேன்.

“எதுனா நின்னுதா சார்?”

இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு குனிந்து மண்ணை அள்ளி, பாதியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

போய் வாருங்கள், பிலோமினா. திருத்திய கணக்கை உங்கள் பெயரில் நேற்று இதழுக்கு அனுப்பினேன். திருப்பித்தான் அனுப்புவார்கள். மறுபடி அனுப்புவேன்.