அம்மாகிட்ட சொல்லிடுங்க

ஒரே வாக்கியத்தை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு அதில் என்ன மிச்சம் இருக்கும்? குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் துலுக்கானம் முஷ்டியால் வயிற்றை அழுத்திக்கொண்டு, “என்னை விட்டுட்டு நீங்க போங்க சார்... அம்மாகிட்ட சொல்லிடுங்க...” என்று முனகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். ஊருக்குப் புதியவர்கள் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். மறுக்காமல் வாங்கிக் குடிப்பார்.

வேற்றுமொழிப் போர்ப்படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவர் தொழில். கதாநாயகனின் குரல் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. சாகிற சிப்பாய்தான். யார் சாவான் என்பதை முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

“கட்டிக்கப்போற பொண்ணு போட்டோவ எடுத்துக் காட்னான்னா முடிஞ்சிது மாமே, இன்டர்வெல்லு தாண்ட மாட்டான். நாளைக்கு லீவுல ஊருக்குப் போறேன்னு சொன்னான்னா, அதுக்கும் முன்னாடியே காலி.”

வயிற்றில் குண்டு பட்டவனுக்கு ஒரு மூச்சு, மார்பில் பட்டவனுக்கு வேறு மூச்சு. மார்பில் பட்டவன்தான் நிறையப் பேசுவான். ஏன் என்று படம் எடுத்தவர்களுக்கே தெரியாது என்பார்.

அவரும் நானும் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டு அன்னம்மாளின் மகன் ராகேஷ் ராணுவத்தில் இருந்தான். விடுமுறையில் வந்தால் இவரைச் சீண்டுவான். “மாமா, அங்க யாரும் இப்டிலாம் பேசறதில்ல. சாப்ட்டியா, சார்ஜர் கீதான்னுதான் கேப்போம்.”

“டேய், உன்ன வச்சி படம் எடுத்தா எவன்டா பாப்பான்?” என்பார் இவர்.

போன மார்ச்சில் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து ராகேஷ் இறந்தான். பெட்டி வந்தது. பிறகு கடிதம் வந்தது. கடைசியில் அவன் ஏதாவது பேசினானா என்று அதில் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை. பத்து மணிக்கு ஒலிப்பதிவு என்று துலுக்கானம் பையோடு இறங்கினார். நானும் கூட இருந்தேன். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அன்னம்மாள் நிமிர்ந்தாள்.

“அண்ணே, உனக்குத்தான் தெரியுமே. அந்த நேரத்துல அவங்கல்லாம் அம்மாவத்தான் சொல்லுவாங்களாமே? இவனும் என்னச் சொல்லியிருப்பான்ல?”

ஆமாம் என்றால் போதும். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் முகம் காத்திருந்தது.

“தெரியாதும்மா,” என்றார் துலுக்கானம்.

அன்று அவர் ஒலிப்பதிவுக்குப் போகவில்லை. பையைக் கீழே வைத்தார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்து இலைகளை உருவத் தொடங்கினார்.