மாவுக்கட்டில் வைத்த குங்குமம்

நாலைந்து வருஷங்களுக்கு முன்னால், இந்த எழுபதுகளின் தொடக்கத்தில், நவராத்திரியின் முதல் நாளன்று மயிலாப்பூரில் நடந்தது இது. அப்போது நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். என் மகளுக்கு இரண்டு வயது. பிறக்கும்போதே உள்பக்கமாக வளைந்திருந்த இடது பாதத்துக்கு ஆபரேஷன் செய்து, முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அடையாறில் இலவசமாகப் பார்க்கும் எலும்பு டாக்டர், மறுநாள் காலை கட்டைப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார். தவறவிட்டால் அடுத்த மாதம்தான். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மயிலாப்பூரில் இருந்த அவருடைய நண்பர் வீட்டில் ராத்தங்குவதாகக் கார்டு போட்டுவிட்டு, குழந்தையோடு தனியாகக் கிளம்பினேன்.

போய் நின்றால் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் கார்டு கதவிடுக்கில் செருகியபடியே இருந்தது. பதில் வந்தபின் கிளம்பியிருக்க வேண்டுமோ, பிடிவாதமாக வந்தது தப்போ என்று மனம் அடித்துக்கொண்டது. கடைத்தெருவில் மலிவாக ஒரு லாட்ஜ் இருந்தது. குமாஸ்தா என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா. இன்னா பண்றது, மொதலாளி அப்டி சொல்லிக்கீறாரு.”

எழும்பூருக்குப் போய் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். ஒருவேளை நண்பர் வந்திருந்தால்? மறுபடி அந்த வீட்டுக்கே நடந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. அடுத்த போர்ஷன் வாசலில், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். விசாரித்தேன். அவர்கள் ஊருக்குப் போயிருப்பதாகவும், வர ஒரு வாரமாகும் என்றும் சொன்னார். பிறகு என் தோளில் இருந்த குழந்தையை உற்றுப் பார்த்தார்.

“இவளுக்கு ரெண்டு வயசு ஆயிடுத்தோ?”

ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நவராத்திரியில் தினம் ஒரு பெண் குழந்தையை மணையில் உட்கார வைத்து, காலை அலம்பி, பூ வைத்து, சாப்பாடு போடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். முதல் நாளுக்கு இரண்டு வயதுக் குழந்தை வேண்டும். வருவதாக இருந்த குழந்தைக்குப் பொன்னுக்கு வீங்கி. அதனால்தான் வாசலில் தவித்துக்கொண்டிருந்தாராம்.

எங்களை உள்ளே வரச் சொன்னார். மகளின் காலைத் துண்டால் சுற்றியிருந்தேன். வெளியே கிளம்பினால் அப்படித்தான் செய்வேன். உறவில் ஒரு கல்யாணத்தில், இவளை மணமேடைப் பக்கம் விட வேண்டாம் என்று ஒருவர் சொன்னதிலிருந்து வந்த பழக்கம். இப்போது காலைக் காட்டினால் அனுப்பிவிடுவார்களோ? மறைத்துக்கொண்டு உட்கார வைப்பதும் நியாயமில்லையே. கொலுவின் முன்னால் போனதும் துண்டை எடுத்துவிட்டேன்.

வெற்றிலை பாக்கு வாங்க வந்திருந்த ஒரு மாமி, “பூஜைக்கு உட்கார்ற குழந்தைக்கு அங்கத்துல குறை இருக்கப்படாதும்பாளே?” என்று இழுத்தார். நான் குழந்தையை வாரி எடுக்கக் குனிந்தேன்.

“கட்டுக்கு வெளியில அஞ்சு விரல் எட்டிப் பார்க்கறதே மாமி, அதை அலம்பினா ஆச்சு,” என்றார் அந்த வீட்டுப் பெண்மணி.

கட்டு நனையாமல் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கூச்சம் தாங்காமல் என் மகள் கெக்கெக்கென்று சிரித்தாள். கேள்வி கேட்ட மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலது காலில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவர், மாவுக்கட்டின் மேலும் அதே போல ஒரு பொட்டு வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும், ராத்தங்க இடமில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே பாயை விரித்தார். “கொலு இருக்கறதால கூடத்துல இடம் கொஞ்சம்தான். பொம்மையோட பொம்மையா படுத்துக்கோங்கோ.”

காலையில் அடையாறு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கட்டிலிருந்த பொட்டைப் பார்த்த டாக்டர், அது அழியாமல் மறுபக்கமாக வெட்டிப் பிரித்தார். பாதம் நேராகியிருந்தது.

இன்று என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், நடையில் லேசான ஒரு சாய்வோடு. யாராவது உற்றுப் பார்த்தால் என் கை இன்னமும் துண்டைத் தேடத்தான் செய்கிறது. அந்தக் குங்குமம் நினைவுக்கு வரும், கையைத் தாழ்த்திக்கொண்டு அவளை முன்னால் நடக்க விடுகிறேன்.