பின்கண்ணாடிக் கோடுகள்

என் மனைவிக்கு வெயில் ஆகாது. தோலில் தொடங்கி மூட்டு வரைக்கும் போகும் நோய். கன்னத்தில் சற்று நேரம் வெயில் பட்டாலே முகம் சிவந்து, மறுநாள் எழுந்திருக்கச் சிரமப்படுவாள். மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டில் இருக்கும் அவள் அலுவலகத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். டாக்டர் சொன்னபடி, கார் கண்ணாடிகள் எல்லாவற்றுக்கும் வெப்பம் தடுக்கும் பிலிம் ஒட்டினோம். ஒட்டியவர் கொள்ளேகாலம் பக்கத்துக்காரர், தனியாகக் கடை நடத்துபவர்.

மறுநாள் ரேடியோவில் வெறும் இரைச்சல். வழி நெடுகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

"எனக்காக ஒட்டினதுதானே, இருக்கட்டும். நாம பேசிக்கிட்டே போலாம்" என்றாள்.

பேசினோம். பாதி வழியில் இருக்கும் கடகொளா தாண்டுவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும். பிறகு அவள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வருவாள். நாலாம் நாள் காரைக் கடைக்கே கொண்டுபோனேன்.

"இதுல ஏரியலே காணமுங்களே" என்று கூரையைப் பார்த்தார் கடைக்காரர். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. யாருக்கோ போன் செய்து கேட்டுவிட்டு, பின்கண்ணாடியில் கை வைத்தார். அதில் மெல்லிய கோடுகள் ஓடின. கீழே இருப்பவை சூடேறிப் பனியைப் போக்குபவை. மேலே உள்ள இரண்டு மூன்றுதான் ஏரியல். கூரைமேல் நீளக் கம்பி நின்றால் அலை நன்றாகச் சிக்கும். ஆனால் கிளையில் மாட்டும், காற்றில் இரையும். அதனால் கண்ணாடியிலேயே பதித்துவிட்டார்கள். தகரத்துக்குள் புகாத அலை கண்ணாடி வழியாக வரும். நாங்கள் ஒட்டிய பிலிமிலோ மெல்லிய உலோகப் பூச்சு. வெப்பத்தோடு அலையையும் அது தடுத்துவிட்டது.

"தப்பு என்னுதுங்க. கேக்காம ஒட்டிப்போட்டேன்."

சுடுகாற்று அடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு, பின்கண்ணாடிப் பிலிமை விரல் அகலம் விரல் அகலமாக உரித்தார். "வெடுக்குனு இழுத்தா கோடும் கூடவே வந்துருமுங்க." அப்படியும் ஒரு கோடு அறுந்தது. முகம் சுண்டிப்போய், மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சைத் தேடி வாங்கிவந்து, மெல்லிய தூரிகையால் இணைத்தார். அதன்மேல் உலோகமில்லாத வேறு பிலிமை ஒட்டினார்.

கடைக்குள் நிழலில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "கேக்குதாண்ணா?" என்று குரல் கொடுத்தாள்.

ரேடியோவைத் திருகினார். முதலில் கன்னடச் செய்தி, பிறகு பாட்டு.

"கேக்குதுங்கக்கா. கொஞ்சம் கொரகொரங்குது."

"அது போதும்" என்றாள்.